கோலி நடுவில் நின்ற படகு

"கோலி நடுவுல நிக்குது, டீச்சர். அலை இடப்பக்கம் உடையுது. ரெண்டுல எது பொய் சொல்லுது?"

ஏகாம்பரம் இதைக் கேட்டபோது வெயில் இன்னும் ஏறவில்லை. கேட்டவர் முகத்தில் மட்டும் அதற்குள் நாள் முடிந்து போயிருந்தது.

டீச்சர் பிளாஸ்க் மூடியில் ஊற்றிய டீயை ஊதிக்கொண்டிருந்தார்.

ஏகாம்பரம் சட்டைப் பையிலிருந்து படகுச் சாவியை எடுத்து பெஞ்சின்மேல் வைத்தார்.

"என்னால முடியல. அலுத்துப் போச்சு. இன்னைக்கு ஒரு நாள் ஓட்டறேன். இன்னைக்கும் இடப்பக்கம் உடைஞ்சுதுன்னா, வேற ஆளப் பாத்துக்குங்க."

டீச்சர் சாவியைப் பார்த்தார். எடுக்கவில்லை.

*

வஹிதா டீச்சருக்கு முப்பத்துமூன்று வயது. ஏகாம்பரத்துக்கு ஐம்பது தாண்டிவிட்டது. ஆனாலும் இந்தக் கழிமுகத்தில் கேள்வி கேட்பவர் ஏகாம்பரம், கேட்கப்படுகிறவர் டீச்சர். வயதுக்கு எழுந்து நிற்கிற ஊரில் இது கொஞ்சம் இடிக்கத்தான் செய்யும். தண்ணீருக்கு அந்த மரியாதையெல்லாம் தெரியாது.

இங்கே சொல்லிக்கொடுப்பது ஒரு விளையாட்டு. காலில் பலகையைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஓடும் படகின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு தண்ணீர்மேல் சறுக்க வேண்டும். படகு போகும் வழியில் இரண்டு பக்கமும் தண்ணீர் வரப்பு கட்டியதுபோல் எழும்பும். அந்த வரப்பில் ஏறித்தான் குதிக்க வேண்டும்.

வரப்பு இறுகி நின்றால் ஆள் பறக்கலாம். நுரைத்துச் சரிந்தால் ஆளும் சரிய வேண்டியதுதான்.

படகு மட்டமாகப் போனால் இரண்டு அலையும் ஒரே மாதிரி எழும். வலப்பக்கம் சாய்ந்து போனால் வலப்பக்கத்து அலை நன்றாக நிற்கும், இடப்பக்கத்து அலை உடையும். இடப்பக்கம் சாய்ந்தால் அப்படியே மாறும். இதைத் தெரிந்துகொள்ள யாரும் காசி ராமேஸ்வரம் போக வேண்டாம். ஏகாம்பரத்துக்கும் நன்றாகத் தெரியும்.

டீச்சர் ஒரு காலத்தில் பறந்தவர். முழங்கால் பிசகிய பிறகு படகின் பின்னிருக்கையில், பின்பக்கம் பார்த்து உட்கார்ந்து, மற்றவர்களைப் பறக்கவிடுகிறார்.

முன்பெல்லாம் அலையைப் பார்த்துக் கத்துவார். "அண்ணே, ஒரு ஆள் இடப்பக்கம்!"

ஏகாம்பரம் யாரையாவது நகர்ந்து உட்காரச் சொல்வார். ஆள் இல்லையென்றால் தண்ணீர்ப் பையை நிரப்புவார். மூட்டை அளவுக்கு ரப்பர்ப் பைகள் அவை. கழித் தண்ணீரையே சின்ன மோட்டார் உள்ளே இழுத்துவிடும். வேண்டாமென்றால் வடித்துவிடலாம்.

மழை விட்டு பயிற்சி தொடங்கிய சமயத்தில் ஏகாம்பரம் ஒரு கருவி வாங்கி வந்தார். சிரிக்கிற வாய்போல் வளைந்த கண்ணாடிக் குழாய். உள்ளே ஒரு கறுப்பு உருண்டை. படகு எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கம் உருளும், மட்டமாக இருந்தால் நடுவில் இருக்கும் இரண்டு கோடுகளுக்குள் நிற்கும். அதற்குப் பெட்டிமேல் ஏதோ நீளமான பெயர் அச்சடித்திருந்தது. இவர்கள் கோலி என்று கூப்பிட்டார்கள்.

ஸ்டியரிங்குக்கு எதிரே அதை மாட்டிவிட்டு ஏகாம்பரம் சொன்னார். "இனிமே நீங்க தொண்ட கிழியக் கத்த வாணாம், டீச்சர். நானே பாத்துக்கறேன்."

டீச்சரும் கத்துவதை விட்டுவிட்டார்.

பொங்கலுக்கு முன்னால் ஒரு காலையில், கோலி நட்டநடுவில் நின்றிருக்க, இடப்பக்கத்து அலை உடைந்து ஒரு பெண் விழுந்தாள். தோளில் காறை எலும்பு முறிந்தது.

அந்தப் பெண் இன்றைக்குத் திரும்பி வருகிறாள்.

*

"எத்தனை பை இருக்கு படகுல?" டீச்சர் கேட்டார்.

"மொதல்ல ரெண்டு இருந்துது."

"இப்ப?"

ஏகாம்பரம் மனசுக்குள் எண்ணினார். "எட்டு."

"எப்படி எட்டாச்சு?"

"இடப்பக்கம் அலை உடைஞ்சுது. இடப்பக்கம் ஒரு பைய ரொப்பினேன்."

"சரி."

"ரொப்பினதும் கோலி இடப்பக்கம் ஓடிடுச்சு. அதனால வலப்பக்கம் ஒண்ணு ரொப்பினேன். கோலி நடுவுக்கு வந்துடுச்சு."

"அப்புறம்?"

"இடப்பக்கம் அலை உடைஞ்சுது."

"அப்புறம்?"

"இடப்பக்கம் இன்னொண்ணு..."

"போதும்ணே."

ஏகாம்பரம் துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்தார். வியர்வைக்காகத் துடைக்கவில்லை. கண் எரிந்தது. அந்தப் பெண் விழுந்த நாளிலிருந்து அவருக்குச் சரியான தூக்கம் கிடையாது. விடிவதற்கு முன்பே வந்து கோலியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். அதுவும் சமத்தாக நடுவில் நிற்கும். அவருக்குத்தான் பைத்தியம் பிடிக்கிறமாதிரி இருந்தது.

"ஒண்ணு கேக்கட்டுங்களா?"

"கேளுங்க."

"அன்னைக்கு நீங்க பின்னாடிதான உக்காந்திருந்தீங்க. அலைய பாத்துக்கிட்டு. ஏன் ஒரு வார்த்த சொல்லல?"

டீச்சர் மிச்ச டீயை மணலில் ஊற்றினார். மூடியைத் துடைத்து பிளாஸ்க்கில் திருகினார்.

ஏகாம்பரமும் மறுபடி கேட்கவில்லை. கேட்டிருக்கக் கூடாதோ என்று மட்டும் பட்டது.

*

அமலோற்பவி ஸ்கூட்டரில் வந்தாள். எல்லோருக்கும் அமலி. தபால் ஆபீஸில் கவுண்டரில் உட்காருகிற பெண். பத்து மணிக்கு முத்திரை குத்தப் போவதற்கு முன்னால், விடிந்ததும் இங்கே பறக்க வருவாள். வந்துகொண்டிருந்தாள்.

"அண்ணே, எப்பிடி இருக்கீங்க? எளச்சுப் போயிட்டீங்க."

"வாம்மா," என்றார் ஏகாம்பரம். அவள் தோளைப் பார்த்தார், முகத்தைப் பார்க்கவில்லை. "வலிக்குதா?"

"வலியெல்லாம் போயிடுச்சு. இத்தன நாள் இடது கையாலதான் முத்திரை குத்தினேன். பாதி தபால்ல ஊர் பேரே தெரியல." சிரித்தாள்.

ஏகாம்பரம் சிரிக்கவில்லை.

"டாக்டர் என்னா சொன்னாரு?"

"போலாம்னுட்டாரு. ஆனா மறுபடி அதே எடத்துல முறிஞ்சா பலகைய மறந்துடுன்னாரு."

அவள் இதை மழை வரும்போல என்று சொல்கிற மாதிரி சொன்னாள்.

"அப்ப இன்னைக்கு வலப்பக்கம் மட்டும் குதிம்மா. வலப்பக்கத்து அலை நல்லா நிக்குது. இடப்பக்கம் பொறவு ஒரு நாள் பாத்துக்கலாம்."

"இல்லண்ணே. நான் விழுந்தது இடப்பக்கம். அங்க குதிக்காம வீட்டுக்குப் போனேன்னா பயம் உள்ள உக்காந்துக்கும். அப்புறம் நான் வரவே மாட்டேன்."

"அது உடையுதும்மா."

"கோலி நடுவுலதான நிக்குது?"

"நடுவுலதான் நிக்குது."

"அப்புறம் என்னாண்ணே?"

ஏகாம்பரம் டீச்சரைப் பார்த்தார். யாராவது இந்தப் பெண்ணுக்கு எடுத்துச் சொல்ல மாட்டார்களா என்று இருந்தது.

டீச்சர் எழுந்தார். பெஞ்சின்மேல் கிடந்த சாவியை எடுத்துக்கொண்டார்.

"நீ கொஞ்ச நேரம் கரையில இரு, அமலி. அண்ணே, நீங்க வாங்க."

படகில் ஏறியதும் டீச்சர் நேராகப் போய் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார்.

ஏகாம்பரத்துக்குச் சுருக்கென்றது. சாவியைக் கொடுத்தது தான்தான். என்றாலும் இவ்வளவு சீக்கிரம் எடுத்துக்கொள்வார் என்று அவர் நினைக்கவில்லை.

"நான் எங்க உக்காரறது?"

டீச்சர் பின்னிருக்கையைக் காட்டினார். தன் இடத்தை.

*

பதினோரு வருஷமாகப் படகு ஓட்டும் மனிதர், தான் எழுப்பிய அலையை நேருக்கு நேர் பார்த்ததில்லை. ஓட்டுகிறவன் முன்னால்தான் பார்க்க வேண்டும். பின்னால் பார்ப்பதற்கு ஸ்டியரிங்குக்கு மேலே ஒரு கண்ணாடி உண்டு. அமலி விழுந்ததற்கு மறுநாள் ஏகாம்பரம் அந்தக் கண்ணாடியை வானத்தைப் பார்க்கத் திருப்பிவிட்டார். கேட்டவர்களிடம் வெயில் கண்ணில் அடிக்கிறது என்றார்.

டீச்சர் வேகம் எடுத்தார். இவ்வளவு தண்ணீரைத் தூக்கிக்கொண்டு படகு எழுவதற்குள், சேற்றிலிருந்து எருமை எழுந்திருப்பதுபோல் முக்கி முனகியது. அந்த முனகல் ஏகாம்பரத்துக்குப் பழகிப்போன ஒன்று. பின்னால் உட்கார்ந்து கேட்கும்போது பாவமாக இருந்தது.

அலை எழுந்தது.

வலப்பக்கம் கண்ணாடிபோல் ஒரு வரப்பு. விரல் வைத்தால் வழுக்கும், அவ்வளவு சுத்தம்.

இடப்பக்கம் பாதி தூரம் ஏறி, உச்சியில் நொறுங்கி, வெள்ளை வெள்ளையாகச் சரிந்தது. ஒரு முறை இல்லை. சரிந்துகொண்டே இருந்தது.

அமலி விழுந்த இடத்தை அவர் எத்தனையோ தடவை மனதில் பார்த்திருக்கிறார். உண்மையில் இப்போதுதான் பார்க்கிறார். அவர் நினைத்ததைவிட மோசமாக இருந்தது. இதில் போய் ஏறு என்று ஒரு பெண்ணை இழுத்துக்கொண்டு போயிருக்கிறோமே என்று இருந்தது.

"டீச்சர்! கோலி எங்க இருக்குது?"

"நடுவுல."

"அலை உடையுது!"

"ம்."

"நடுவுலயா இருக்குது? நல்லா பாத்தீங்களா?"

"நட்டநடுவுல."

டீச்சர் வேகத்தைக் குறைத்தார். படகு நின்றது. அதன் பின்னால் வந்த அலை மெதுவாக வந்து படகைத் தூக்கிப் போட்டது.

டீச்சர் தலையிலிருந்த தொப்பியைக் கழற்றினார். கோலியின்மேல் கவிழ்த்து மாட்டினார்.

"இப்ப சரி பண்ணுங்க."

ஏகாம்பரம் விழித்தார். "கோலிய மூடிட்டீங்களே. எத வச்சு சரி பண்றது?"

டீச்சர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

*

ஏகாம்பரம் பழக்கத்தில் இடப்பக்கத்துப் பையின் மோட்டாரைப் போடப் போனார். பை ஏற்கெனவே உப்பி நின்றது. எல்லாப் பையும் உப்பித்தான் நின்றன. இனி ஊற்ற இடமில்லை.

கொஞ்ச நேரம் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

பிறகு வலப்பக்கம் போனார். ஒரு பையின் அடைப்பைத் திருகினார்.

தண்ணீர் கழிக்குள் கொட்டுகிற சத்தம் கேட்டது. வாங்கின கடனை அடைக்கிறவன் முகம் எப்படி இருக்குமோ, அப்படி இல்லை அவர் முகம். திருடுகிறவன் முகம் மாதிரி இருந்தது. தொப்பிக்குள் கோலி எங்கே ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்து அதையே திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

டீச்சர் ஒரு ஓட்டம் ஓட்டினார்.

"எப்படி?"

"கொஞ்சம் தேவல."

இன்னொரு பையை வடித்தார். இன்னொரு ஓட்டம்.

"இப்ப?"

"நுரை கொறஞ்சிருக்கு. உச்சியில மட்டும் உதிருது."

வலப்பக்கம் மற்றொன்று. பிறகு படகு இவ்வளவு கனம் எதற்கு என்று தோன்றியது. இரண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம். ஒவ்வொரு தடவையும் பின்னிருக்கைக்கு ஓடி வந்து பார்த்தார். ஒவ்வொரு தடவையும் படகு எழுவது சுலபமாகிக்கொண்டு வந்தது. எஞ்சினின் முனகல் நின்று, அதன் பழைய குரல் திரும்பியது. அந்தக் குரலை அவர் மறந்தே போயிருந்தார்.

கடைசி ஓட்டத்தில் ஏகாம்பரம் பின்னிருக்கையின் நுனிக்கு வந்துவிட்டார்.

டீச்சர் கேட்டார். "எப்படிண்ணே?"

ஏகாம்பரம் ஒரு பக்கம் பார்த்தார், மறுபக்கம் பார்த்தார்.

"அண்ணே?"

"ரெண்டும் நிக்குது, டீச்சர்," என்றார் ஏகாம்பரம். "ரெண்டும் நிக்குது."

கரைக்கு வந்ததும் டீச்சர் ஸ்டியரிங்கை விட்டு எழுந்தார். சாவி அதிலேயே இருந்தது.

"உக்காருங்க. அமலி நீங்க ஓட்டினாத்தான் குதிப்பாளாம்."

"அப்படின்னு சொன்னாளா?"

"சொன்னேண்ணே," என்றாள் அமலி, பலகையைக் காலில் இறுக்கிக்கொண்டே. "டீச்சர் ஓட்டினா எனக்குப் பயம். அவங்க திருப்புறது திருப்பம் இல்ல, சண்ட."

*

ஏகாம்பரம் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தார். எதிரே தொப்பி. அதைத் தூக்கிப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. கை பாதி தூரம் போனது.

அங்கிருந்து மேலே போயிற்று. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த கண்ணாடியைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

கண்ணாடியில் முதலில் டீச்சரின் முதுகு தெரிந்தது. அதற்குப் பின்னால், தண்ணீரில் கழுத்துவரை நின்று கயிற்றைப் பிடித்திருக்கும் அமலியின் தலை.

"போலாம்ணே!"

வேகம் எடுத்தார். அமலி தண்ணீரிலிருந்து எழுந்தாள். கொஞ்சம் ஆடினாள். நிலைத்தாள்.

ஏகாம்பரம் முன்னால் ஒரு தடவை பார்த்தார், கண்ணாடியில் ஒரு தடவை பார்த்தார். இடப்பக்கத்து அலையின் உச்சியில் லேசாக நுரை தட்டியது. சற்று முன்பு இல்லாத நுரை.

"டீச்சர்! கொஞ்சம் இடப்பக்கம் நவுந்து உக்காருங்க!"

டீச்சர் நகர்ந்தார்.

"இன்னும் கொஞ்சம்!"

இன்னும் நகர்ந்தார். நுரை போயிற்று. இத்தனை நாள் கழித்து இந்தப் படகில் மறுபடி ஒருவர் கத்துகிறார். ஆள்தான் மாறிப்போயிருந்தது.

அமலி இடப்பக்கத்து அலையை நோக்கி வந்தாள். ஏறப் போகிறாள் என்று நினைக்கும்போது பலகையைத் திருப்பிக்கொண்டு விலகிவிட்டாள்.

மறுபடி வந்தாள். மறுபடி விலகினாள்.

ஏகாம்பரம் வேகத்தைக் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. பிடித்த கை மரத்துப் போயிற்று. வேண்டாம்மா, போதும், வீட்டுக்குப் போயிடலாம் என்று வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டிருந்தார். எதிரே கழி குறுகி, அலையாத்தி மரங்கள் நெருங்கி வந்தன. இனி அவர் கண்ணாடியைப் பார்க்க முடியாது. முன்னால்தான் பார்க்க வேண்டும்.

கயிறு ஒரு முறை இறுகியது. படகு அதை உணர்ந்தது, அவரும் உணர்ந்தார்.

பிறகு கயிற்றில் ஒன்றுமே இல்லை. ஆள் தண்ணீர்மேல் இல்லை என்று அர்த்தம்.

ஏகாம்பரம் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்திருந்தார்.

பலகை தண்ணீரில் படுகிற சத்தம் கேட்டது. தட்டையான, திடமான ஒரே சத்தம். கயிறு மறுபடி இறுகியது.

"நிக்கிறா!" டீச்சர் கத்தினார். "அண்ணே, நிக்கிறா!"

ஏகாம்பரம் முன்னால் பார்த்தபடியே அழுதார். துடைக்கக் கை ஒழியவில்லை. ஒழிந்திருந்தாலும் துடைத்திருக்க மாட்டார்.

*

கரைக்கு வந்து படகைக் கட்டியதும் ஏகாம்பரம் முதல் வேலையாகத் தொப்பியை எடுத்தார்.

கோலி நடுவில் இல்லை. இடப்பக்கம் ஓடி, கோடுகளையெல்லாம் தாண்டி, குழாயின் ஓரத்தில் போய் ஒண்டிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் அதையே பார்த்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. எத்தனையோ மாதமாகச் சேர்ந்து கிடந்த கோபம். அதற்குள்ளே ஒரு சந்தோஷமும் இருந்தது.

"பாத்தீங்களா, டீச்சர்? அலை ரெண்டும் ஒழுங்கா எழும்புது. இது என்னாடான்னா படகு இடப்பக்கம் சாஞ்சு கெடக்குதுங்குது! பொய்! இத்தன நாளா பொய் சொல்லியிருக்கு! நான் என்னமோ நம்ம கைதான் தப்புன்னு ராத்திரி ராத்திரியா..."

குழாயை விரலால் சுண்டினார்.

"இதச் செஞ்சவன் வௌங்குவானா? வித்தவன் வௌங்குவானா? ஒரு பொண்ணு எலும்ப முறிச்சிடுச்சே இந்தச் சனியன்! பேத்து கழியில போடறேன் பாருங்க."

திருப்புளியை எடுத்தார்.

கரையில் அமலி தலை துவட்டுவதை நிறுத்திவிட்டுப் பார்த்தாள்.

டீச்சர் பின்னிருக்கையிலேயே உட்கார்ந்திருந்தார். முழங்காலைத் தடவிக்கொண்டே சொன்னார்.

"காலையில ஒண்ணு கேட்டீங்கள்ல."

"என்னா கேட்டேன்?"

"அன்னைக்கு ஏன் சொல்லலன்னு."

ஏகாம்பரம் திருப்புளியோடு நின்றார்.

"அலை உதிர்றதப் பாத்தேன். கத்தலாம்னு வாயத் தொறந்தேன். அதுக்கு முன்னாடி திரும்பி ஒரு தடவ கோலியப் பாத்தேன். நடுவுல இருந்துது. வாய மூடிக்கிட்டேன்."

அமலி கரையிலிருந்து இதைக் கேட்டாள். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அதான் நானும் சொல்றேன்," என்றார் ஏகாம்பரம். "உங்க மேல தப்பு இல்ல. என் மேலயும் இல்ல. எல்லாம் இந்தக் கோலி."

"இது என்னைக்காவது சரியாக் காட்டிச்சா?"

"காட்டிச்சே. மாட்டின அன்னைக்கு நட்டநடுவுல நின்னுதே. என் கண்ணால பாத்தேன்."

"எப்படி மாட்டினீங்க?"

ஏகாம்பரத்துக்கு இந்தக் கேள்வி பிடிக்கவில்லை. தன் வேலையில் நொட்டை சொல்கிறாரோ என்றிருந்தது.

"ஒழுங்காத்தான் மாட்டினேன். காத்து இல்லாத நேரமாப் பாத்து, இதே எடத்துல, முன்னாலயும் பின்னாலயும் கயிறு போட்டுக் கட்டினேன். உள்ள ஒரு சாமான் வைக்கல. பை எல்லாம் காலி. நங்கூரத்தக்கூடத் தூக்கி வெளிய வச்சேன். அடியில தேங்கின தண்ணியத் துணியால ஒத்தி எடுத்தேன். அப்படிச் சுத்தம் பண்ணிட்டுத்தான், கோலி நடுவுக்கு வர்ற வரைக்கும் குழாயப் புடிச்சு, திருகினேன்."

"படகுல யார் இருந்தாங்க?"

"யாருமே இல்ல, டீச்சர். நான் மட்டும்தான் இந்த ஸ்டியரிங்ல உக்காந்து..."

திருப்புளியைக் கீழே வைத்தார்.

ஸ்டியரிங்கைப் பார்த்தார். அது படகின் வலப்பக்கத்தில் இருந்தது. வாங்கிய நாளிலிருந்து அங்கேதான் இருக்கிறது.

இருக்கையைப் பார்த்தார். அவர் உட்கார்ந்து உட்கார்ந்து அதில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது.

கட்டிய கயிறு கிறீச்சிட்டுக்கொண்டிருந்தது.

பிறகு ஏகாம்பரம் வேலை பார்க்கத் தொடங்கினார். மிச்சமிருந்த பைகளை வடித்தார். நங்கூரத்தைத் தூக்கித் துறைப் பலகையின்மேல் வைத்தார். மிதவைச் சட்டைகளையும் பெட்ரோல் கேனையும் எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

கடைசியாக அவரே இறங்கினார்.

அவர் கால் எடுத்ததும் படகின் வலப்பக்கம் மெல்ல உயர்ந்தது. அதை நின்று பார்த்தார். கோலியை மாட்டிய அன்றைக்கும் படகு இவ்வளவு சாய்ந்துதான் நின்றிருக்கும்.

துறைப் பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டார். கையை மட்டும் படகுக்குள் நீட்டி, கோலிக் குழாயின் திருகுகளைத் தளர்த்தினார். குழாயைப் பிடித்துக்கொண்டு, கோலி நிலைகொள்ளக் காத்திருந்தார்.

அது இன்னும் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

ஏகாம்பரம் தலையைத் தூக்கிப் பின்னிருக்கையைப் பார்த்தார்.

"நீங்களும் எறங்குங்க, டீச்சர்," என்றார்.